யாருக்காகவும் எழுந்திராத வக்கீல்

நீதிபதி முதல் பெயரைப் படித்தார். பிரதிவாதி சுடலைமுத்து எழுந்து கும்பிட்டார்.

“ஐயா, இவுக வேண்டாம்யா. போன வருசம் இவுகதான் பேச்சியம்மாளுக்காக எந்திரிச்சாக.”

நீதிபதி இரண்டாவது பெயரைப் படித்தார்.

“இவுக எனக்காக எந்திரிச்சவுகய்யா. அந்தம்மா ஒத்துக்கிடுமான்னு கேளுங்க.”

வாதி பேச்சியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. தலையை இடவலமாக ஆட்டினார்.

மூன்றாவது பெயர்.

“இவுக ரெண்டு பேருக்குமே எந்திரிச்சிருக்காகய்யா. ஆடியில எனக்கு, ஆவணியில அவுகளுக்கு.”

கோர்ட் ஹாலே சிரித்தது. பெயர் தள்ளப்பட்ட வக்கீல்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்றே பேர்: நீதிபதி, பேச்சியம்மாள், கடைசி பெஞ்சில் இடது காதை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் உண்டு. சமாதானம் பேசி வைக்க ஒரு வக்கீல் வேண்டும் என்று அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். பதினோரு பெயர்கள். ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் பதினொன்றும் போய்விட்டன.

சுடலைமுத்து உட்காரவில்லை. மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: “ஐயா, சமாதானத்துக்கு வரமாட்டேன்னு நான் சொல்லலை. இந்தக் கேஸ்ல எவுகளுக்காகவும் எந்திரிக்காத வக்கீல் ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வைங்க. மறுபேச்சு பேசாம வாரேன்.”

“உங்களுக்குச் சம்மதமா?” என்று நீதிபதி பேச்சியம்மாளைக் கேட்டார்.

“எனக்கு ஐப்பசி மழைக்கு முன்னால பாதை வேணும்யா. யாரு உக்காந்தாலும் சரி, அவருக்காக எந்திரிச்சவுக மட்டும் வேண்டாம்.”

நீதிபதி என்னைப் பார்த்தார்.

பட்டியல் என் கைக்கு வந்த விதம்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் வக்கீலாக இருந்தவன் நான். வலது காது போனபிறகு கோட்டைக் கழற்றிவிட்டேன். அதற்கு முன்னால் வக்கீல்கள் சங்கத்துக்கு நான்கு முறை செயலாளர். ஐந்தாவது முறை தோற்றேன். அதைப் பற்றி முன்பே எழுதி, வேண்டிய அளவு திட்டும் வாங்கியாயிற்று.

மக்கள் நீதிமன்றம் என்று அவ்வப்போது ஒரு சனிக்கிழமை நடக்கும். இழுத்துக்கொண்டே போகும் வழக்குகளை இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பதற்கு. அன்று நீதிபதிக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலும் அமர்வில் உட்கார வேண்டும். அன்றைக்கு அவர் வக்கீல் அல்ல, பாதி நீதிபதி. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அப்பீலே இல்லாத நாற்காலிக்கு எப்படி ஆள் எடுக்கிறோம் என்று நினைக்கிறீர்கள்? கோவில் கொடை விழாவுக்கு வரி பிரிக்க ஆள் போடும்போதுகூட, அவன் யார், எப்படிப்பட்டவன் என்று நாலு இடத்தில் விசாரிப்போம். இதற்கு அந்த விசாரணையும் கிடையாது. அன்று வேறு வேலை இல்லாதவர் யார் என்பது ஒன்றுதான் கேள்வி. வந்து உட்காருவார், மாலையில் ஒரு சால்வை, ஒரு போட்டோ. முடிந்தது.

இப்போதைய நீதிபதி இளவயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஐயா, எனக்கு வருகிற பெயர்களெல்லாம் சீனியாரிட்டிப்படி வருகின்றன. வயதுப்படி ஆள் எடுக்க இது பென்ஷன் இல்லையே. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.”

“நானே உட்கார்ந்துவிடுவேன். காது கேட்காது” என்றேன்.

“அதனால்தான் ஆள் பிடிக்கச் சொல்கிறேன்” என்றார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

வக்கீல்கள் அறைக்குப் போனேன். நாற்காலி இருபத்திரண்டு, அதில் சாய்ந்து உட்காரத் தோதானவை பதினான்கு. மின்விசிறி ஆறு, ஓடுவது நான்கு. ஓடுகிற நான்கின் அடியிலும் சீனியர்கள்.

விஷயத்தைச் சொன்னேன். முதல் கேள்வி, “அண்ணாச்சி, மத்தியானம் பிரியாணி உண்டும்லா?”

இரண்டாவது கேள்வி, “நீதிபதி நாற்காலியும் நம்ம நாற்காலியும் ஒரே உயரமா, இல்ல நமக்குப் பிளாஸ்டிக்கா?”

இன்னொருவர், “நான் உக்காந்து எதிர்த்தரப்புக்காரனுக்கு நியாயம் சொல்லி, அவன் மறுநாள் நம்மகிட்டயே கேஸ் கொண்டாந்துட்டான்னா?” என்றார். “கொண்டு வந்தா வாங்கிக்கிடும், அதுக்கென்ன” என்று அறையே பதில் சொன்னது.

மூத்தவர் அருணாசலம், என்னைவிட இரண்டு வயது இளையவர், மூலையிலிருந்து கையைத் தூக்கினார். “என் பேரை முதல்ல போடும்வே. பொறவு மத்தவுக.”

போட்டேன். சுடலைமுத்து முதலில் அடித்ததும் அந்தப் பெயரைத்தான்.

எழுந்து நிற்கும் பழக்கம்

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் ஒரு வக்கீலுக்குத் தென்காசியில் ஒரு வழக்கு, திருநெல்வேலியில் ஒன்று, வாசுதேவநல்லூரில் மச்சினன் மகள் கல்யாணம். எல்லாம் ஒரே நாளில். அவர் என்ன செய்வார்? காலையில் பஸ் ஏறும்முன் எதிரே வரும் வக்கீலிடம், “நம்ம கேஸ் கூப்பிட்டா கொஞ்சம் எந்திரிச்சிரும்” என்பார். அவ்வளவுதான். அது என்ன வழக்கு, யார் வாதி, எதுவும் சொல்ல மாட்டார். இவரும் கேட்க மாட்டார்.

வழக்கைக் கூப்பிட்டதும் இவர் எழுந்து, “சீனியர் வெளியூர், வாய்தா வேண்டும்” என்பார். வாய்தா கிடைக்கும். இவருக்கு ஒரு டீ கிடைக்கும். நாளைக்கு அவர் இவருக்காக எழுந்திருப்பார்.

இதில் கூலி இல்லை, வக்காலத்து இல்லை, பகை இல்லை. எங்களுக்குள் இருக்கும் ஒற்றுமைக்கு இதுதான் அடையாளம் என்று சங்கத்தின் ஆண்டு விழாக்களில் பேசுவார்கள். கைதட்டுவார்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் சிவசைலம் என்று ஒரு வக்கீல் இருந்தார். யார் கேட்டாலும் எழுந்திருப்பார். ஒருநாள் ஒரு வழக்கில் வாதி வக்கீலும் வரவில்லை, பிரதிவாதி வக்கீலும் வரவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக இவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேசைக்கு இடப்பக்கம் நின்று வாய்தா கேட்டார். நீதிபதி, “எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?” என்றார். சிவசைலம் மேசையைச் சுற்றி வலப்பக்கம் வந்து நின்று, “ஆட்சேபணை இல்லை” என்றார்.

இந்தக் கதையை எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வழக்கில் வாதி யார், பிரதிவாதி யார், அன்று எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது.

சுடலைமுத்துவுக்குத் தெரியும். அவர் ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை. ஹாலில் பின்சுவரில் சாய்ந்து நின்று, யார் எழுந்தார், யாருக்காக எழுந்தார் என்று முகம் முகமாக மனதில் போட்டு வைத்திருந்தார். வழக்கை நடத்த அவருக்கு விருப்பமில்லை. பேச்சியம்மாள் கேட்கும் பாதையில் அவர் வைத்த கேட் பூட்டியிருக்கிறது. நாள் போகப் போக அவருக்கு லாபம். எங்கள் பழக்கமே அவருக்கு வேலியாகிவிட்டது. குற்றம் அவர்மேல் எவ்வளவு, எங்கள்மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், எனக்கு அவர்மேல் கோபம் குறைவுதான்.

ஓடை வழி

பதினோரு பெயர்களும் தள்ளுபடியான மறுநாள் காலையில் பூச்சந்தைக்குப் போனேன். வீட்டுக்குப் பூ வாங்குவது என் வேலை. ஏலம் முடிந்து கடைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பேச்சியம்மாள் தலைச்சுமையை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

கடைக்காரர் சாக்கைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். “யக்கா, மல்லி வாய் திறந்துட்டுக்கா. இனிமே இதை எவன் வாங்குவான்? சென்ட் கம்பெனிக்காரன்கூட போயிட்டான்.”

“நான் நேரத்துக்குத்தான் பறிச்சேன்.”

“பறிச்சு என்ன செய்ய? வந்து சேரணும்லா.”

பேச்சியம்மாளுக்கு மேலநீலிதநல்லூருக்கு மேற்கே தோட்டம். மல்லிகை விடிவதற்கு முன் பறித்து, மொட்டு மொட்டாக இருக்கும்போதே சந்தைக்கு வந்தாக வேண்டும். முன்பு லோடு ஆட்டோ தோட்டத்துக்குள்ளேயே வரும். வழியில் சுடலைமுத்துவின் நிலம். அவர் வண்டிப்பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியபிறகு, பூவை ஓடை வழியாகத் தலையில் சுமந்து மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். ஓடையில் நீர் கொஞ்சமாகப் போனால் முழங்கால் நனையும். ஐப்பசியில் நிரம்பிப் போனால் வழியே இல்லை. போன மழைக்குப் பறித்த பூவையெல்லாம் வரப்பில் கொட்டியிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும், “என்ன வக்கீலய்யா, ஆளு கிடைச்சாச்சா?” என்றார்.

“தேடுதேன்மா.”

“தேடுங்க. இந்த மழைக்குள்ள பாதை விடலைன்னா செடியைப் பிடுங்கிட்டுச் சோளம் விதைக்கப்போறேன். எங்க வீட்டுக்காரரு நட்டுவச்ச செடி. அவரு இல்ல, செடி இருக்கு. பதியம் போட்டுப் போட்டு இம்புட்டு ஆக்கியிருக்கேன்.” பிறகு சட்டென்று, “முப்பது வக்கீலு இருக்கீகளே, ஒருத்தருகூடவா சும்மா உக்காந்திருக்கலை?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பதில்லை, முப்பத்தொன்று.

அந்த வாரம் முழுக்க அலைந்தேன். ஒவ்வொருவரையும் தனியே பிடித்து, “பேச்சியம்மாள் பாதை கேஸில் நீர் எழுந்ததுண்டா?” என்று கேட்டேன். பாதிப் பேருக்கு நினைவே இல்லை. “இருக்கும் அண்ணாச்சி, எந்திரிச்சிருப்பேன், யாருக்குத் தெரியும்?” என்றார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து, கேட்காமலேயே நினைவூட்டினார். “பங்குனியில நீங்கதான் சார், பச்சைப் பேனா வச்சிருந்தீக.” நான் கேட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. வேறு ஊரிலிருந்து ஆள் கேட்கலாமா என்று நீதிபதியிடம் யோசனை சொன்னேன். அந்தச் சனிக்கிழமை எல்லா ஊரிலும் அமர்வு உண்டு, அவரவர் ஆள் அவரவருக்கே போதாது என்றார்.

பாத்திரக்கடையில்

தேரடிப் பக்கம் ஓர் எவர்சில்வர் பாத்திரக்கடை உண்டு. குக்கருக்கு வளையம் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார அம்மா ஸ்டெல்லா, கல்யாணச் சீர் வாளி ஒன்றில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். பெயர் வெட்டும் அந்த மிஷின் போடும் சத்தம் என் வலது காதுக்கும் கேட்கும் மிகச் சில சத்தங்களில் ஒன்று.

ஸ்டெல்லாவும் வக்கீல்தான். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபிறகு சட்டம் படித்து, நாற்பது வயதை ஒட்டிப் பதிவு செய்தவர். காலையில் கோர்ட், மாலையில் கடை. இரண்டு மூன்று சிறு வழக்குகள் வைத்திருந்தார். வக்கீல்கள் அறையில் அவருக்குப் ‘பாத்திரக்கடை வக்கீல்’ என்று பெயர். ஓடாத மின்விசிறியின் அடியில் உட்காருவார்.

முப்பத்தொன்றில் நான் அவரை மட்டும்தான் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

“ஸ்டெல்லாம்மா, பேச்சியம்மாள் பாதை கேஸ்ல நீ யாருக்காகவாவது எந்திரிச்சிருக்கியா?”

மிஷினை நிறுத்தினார். “இல்லை அண்ணாச்சி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? நான் எந்தக் கேஸ்லயும் யாருக்காகவும் எந்திரிச்சதில்லை. என்னை யாரு கேட்டாக?”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலி, அமர்வு, சுடலைமுத்துவின் சவால் எல்லாவற்றையும் கொட்டினேன். “இந்த ஊர்லயே சுத்தமான வக்கீல் நீ ஒருத்திதான்!” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது.

“இது எனக்குப் பெருமையா அண்ணாச்சி? ஒன்பது வருசமா அந்த ரூம்ல உக்காந்திருக்கேன். நேத்துப் பதிவு பண்ணுன பையனைக் கூப்பிட்டு ‘எந்திரிச்சிருலே’ங்காக. என்னைத் தாண்டிப் போய்ச் சொல்லுதாக. வாய்தா கேக்கதுக்குக்கூட நான் லாயக்கில்லைன்னுதானே? இப்ப அதைத் தூக்கிட்டு வந்து சுத்தம்ங்கீக.”

கடையில் வாளி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடுதல் இல்லை. ஓர் அறையில் முப்பது பேர் சேர்ந்து ஒருவரை ஆளாகவே மதிக்காமல் இருந்திருக்கிறோம். அந்த அவமரியாதைதான் இன்று தகுதியாக வந்து நிற்கிறது. நினைக்க நினைக்க எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியாமல் வந்தது.

ஸ்டெல்லா பெயர் வெட்டிய வாளியைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “அந்தம்மாவுக்கு எப்பிடி, மழைக்கு முன்னால வேணுமா?” என்றார்.

“ஆமா.”

“கேஸ் கட்டு முழுசும் எனக்கு முன்கூட்டியே வேணும். நான் படிக்கணும். சும்மா போட்டோவுக்கு உக்கார மாட்டேன்.”

நீதிபதியிடம் இதைச் சொன்னபோது “இதுவரை அமர்வுக்கு வந்த யாரும் கட்டைக் கேட்டதில்லை” என்றார்.

சனிக்கிழமை

ஒரே உயர நாற்காலிதான் போட்டிருந்தார்கள். நான் முதல் பெஞ்சில் இடது காதுக்கு வசதியாக இடம் பிடித்தேன். வக்கீல்கள் கூட்டமாக வாசலில் நின்றார்கள். பாத்திரக்கடை எப்படி நீதி அளக்கிறது என்று பார்க்க.

சுடலைமுத்து ஸ்டெல்லாவைப் பார்த்துத் திகைத்தார். சவால் விட்டவர் அவர்தான், பின்வாங்கவும் முடியாது. இருந்தாலும் முயன்றார்.

“ஐயா, எம் மக கல்யாணத்துக்கு இவுக கடையிலதான் பாத்திரம் எடுத்தோம்.”

“பேச்சியம்மாளும் எங்க கடையிலதான் எடுத்தாக” என்றார் ஸ்டெல்லா. “ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேரம் பேசுனீக. ரெண்டு பேருக்கும் நான் குறைக்கலை.”

நீதிபதி முதல்முறையாகச் சிரித்தார். சுடலைமுத்து உட்கார்ந்தார்.

“கேட்டை எப்ப பூட்டுவீரு?” என்று ஸ்டெல்லா கேட்டார்.

“பொழுதடைஞ்சதும்.”

“எப்ப திறப்பீரு?”

“காலையில சாப்பிட்டுட்டு வந்து திறப்பேன்.”

“அப்ப பகல்ல திறந்துதான் கிடக்கா?”

“திறந்துதான் கிடக்கு. நான் என்ன பகல்லயா பூட்டுதேன்?”

மனுவில் ‘பாதையை முற்றிலும் அடைத்துவிட்டார்’ என்று இருந்தது. பதில் மனுவில் ‘அப்படி ஒரு பாதையே கிடையாது’ என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பகலெல்லாம் திறந்து கிடக்கும் ஒரு கேட் நின்றது. பூட்டியிருக்கும் நேரத்தில்தான் மல்லிகைக்கு வண்டி வேண்டும்.

“ராத்திரி ஏன் பூட்டுதீரு?”

“ஆடு களவு போகுதும்மா. தொழுவத்துல இருந்து நாலு ஆட்டைத் தூக்கிட்டுப் போயிட்டான். இந்தம்மா என்னடான்னா ஊரெல்லாம் என்னைப் பாதைத் திருடன்னு சொல்லிட்டு அலையுது. களவு கொடுத்தவன் நான். நான் திருடனா?”

“சொன்னேன்” என்றார் பேச்சியம்மாள். “ஒரு சாவி கேட்டேன், கொடுத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

“சாவியைக் கொடுத்தா நாளைக்கு நிலத்தையே தன்னுதும்பா!”

“ஒம்ம நிலம் யாருக்குவே வேணும்? அதுல கருவேலம்தான் முளைக்கும்.”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. சுடலைமுத்துவைப் பார்த்து, “பூட்டுப் போட்ட பொறவு களவு நின்னுட்டா?” என்றார்.

சுடலைமுத்து மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சொல்லும்.”

“இல்ல. அதுக்குப் பொறவும் ரெண்டு போச்சு.”

“எப்பிடி நிக்கும்?” என்று பேச்சியம்மாள் எழுந்துவிட்டார். “முன்னால நாங்க ஆறு பொம்பளைக டார்ச்சைப் போட்டுக்கிட்டு, சளசளன்னு பேசிக்கிட்டு இவரு தொழுவத்தை ஒட்டித்தான் போவோம். ஆட்டோ வரும், லைட் அடிக்கும். எந்தத் திருடன் வருவான்? ஊரைச் சுத்தி ஓடை வழியா எங்களை விட்டுட்டாரு. இப்ப அங்கன ஒரு ஈ காக்கா கிடையாது. திருடன் என்ன கேட் வழியாவா வாரான்? வேலியைப் பிரிச்சுட்டு வாரான்!”

சுடலைமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட் இருக்கட்டும், பூட்டும் இருக்கட்டும். சாவி ரெண்டு” என்றார் ஸ்டெல்லா. “நிலம் உம்மது. போகிற வர்ற உரிமை அவுகளுது. போனதும் அவுக பூட்டிட்டுப் போகணும். சம்மதமா?”

“அவரு தயவுல விடுதாருன்னு எழுதக் கூடாதும்மா” என்றார் பேச்சியம்மாள். “எங்க மாமனாரு வண்டி போன பாதை.”

“உரிமைன்னுதான் எழுதுவோம்.”

சுடலைமுத்து நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: “எழுதுங்கய்யா. ஆனா ஒண்ணு. லைட்டை எங்க தொழு பக்கம் நல்லா அடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”

அதையும் எழுதினார்கள். நான்கு கையெழுத்துகள். மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இந்த வழக்கில் என் கணக்குப்படி முப்பது வக்கீல்கள் எழுந்திருக்கிறார்கள். முப்பது கறுப்புக் கோட்டு! ‘கேட்டை எப்போது பூட்டுகிறாய்’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு பெண் மூன்று வருடம் ஓடையில் பூச்சுமந்தாள். அவளுக்காக எழுந்தவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. இதற்குப் பெயர் ஒற்றுமை என்றால், அந்த ஆண்டு விழாக்களில் கைதட்டிய கைகளை என்ன சொல்வது?

அடுத்த திங்கட்கிழமை

வக்கீல்கள் அறையில் நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் அருணாசலம் தோல்பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, ஓடாத மின்விசிறியின் அடிக்கு வந்தார்.

“ஏம்மா ஸ்டெல்லா, தென்காசிக்குப் போறேன். நம்ம ராயகிரி கேஸ் ஒண்ணு கூப்பிடுவாக. கொஞ்சம் எந்திரிச்சிரு.”

அறை அப்படியே நின்றது. டீ கொண்டுவந்தவர்கூட நின்றார். ஒன்பது வருடங்களில் முதல்முறை. அருணாசலம் அதைப் பெரிய கௌரவமாகத்தான் கொடுத்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது. இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. இன்று இவருக்காக, நாளை இன்னொருவருக்காக. ஒரு வருடம் போனால் அமர்வில் உட்கார இந்த ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

“எந்திரிக்கேன் அண்ணாச்சி” என்றார் ஸ்டெல்லா. “கட்டைக் கொடுத்துட்டுப் போங்க.”

“கட்டு எதுக்கும்மா? வாய்தாதானே கேக்கப்போறே?”

“சாட்சி வந்திருக்காரா?”

“வந்திருப்பாரு. அவரு எல்லா வாய்தாவுக்கும் வருவாரு.”

“அப்ப நான் வாய்தா கேக்க மாட்டேன். சாட்சியை ஏத்தி விசாரிப்பேன். கட்டைக் கொடுங்க, படிச்சிக்கிடுதேன்.”

அருணாசலம் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஸ்டெல்லா கையை நீட்டியபடியே இருந்தார். சிரிப்பு ஒவ்வொரு மின்விசிறியின் அடியிலும் ஒவ்வொன்றாக நின்றது.

“என் கேஸை நீ நடத்துவியா?”

“எந்திரிச்சா நடத்தத்தான செய்யணும் அண்ணாச்சி.”

அவர் தோல்பையை மேசைமேல் வைத்தார். தென்காசிக்கு ஒரு போன் போட்டார். “யோவ், அங்கன யாரையாவது எனக்காக எந்திரிக்கச் சொல்லும். இங்கன ஒரு வேலை வந்துட்டு” என்று கத்தினார். பிறகு ஸ்டெல்லா பக்கம் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அருணாசலம், “சாட்சி விசாரணைக்குத் தயார்” என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

டவாலி வாசலில் நின்று சாட்சியின் பெயரை மூன்று முறை கூவினார். யாரும் வரவில்லை. வெளியே போய்த் தேடினார். கோர்ட்டுக்கு எதிரே, வழக்கம்போல் வாய்தாதான் என்று கிளம்பி, ராயகிரி பஸ்ஸுக்காகக் குடையும் மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். டவாலி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

கூண்டுக்கு முன்னால் வந்தும் பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கறுப்புக் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டவாலியிடம் கேட்டார்:

“ஏன் தம்பி, இன்னைக்கு யாரும் எந்திரிக்கலையா?”